வளைகுடாவில் ஃப்ளோட் டியூப் மீன்பிடிப்பு: முதல் முறை இறங்குபவர்களுக்கு

ஃப்ளோட் டியூப் என்பது காற்றடைத்த மிதவை இருக்கை. அதில் கால்கள் தண்ணீரில் தொங்க உட்கார்ந்து, காலில் மாட்டிய, மீன்வால் போன்ற ஃபின்னால் உதைத்து நகர வேண்டும். மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை, அதனால் இரண்டு கைகளும் தூண்டிலுக்கே. மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும். படகு நுழைய முடியாத ஆழம் குறைந்த ஓரங்களுக்கும் சத்தமில்லாமல் போய்ச் சேரும்.

ஏரியிலும் குளத்திலும் நன்றாகப் பழகியவர்கள்கூட உப்புத்தண்ணீருக்கு வந்ததும் தடுமாறுவார்கள். ஏரித் தண்ணீர் நிற்கும், வளைகுடாத் தண்ணீர் ஓடும். நன்றாக உதைக்கத் தெரிந்தவர் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் வேகம் மணிக்குச் சுமார் 2 கிலோமீட்டர்தான். குறுகிய வாய் உள்ள வளைகுடாவில் தண்ணீர் வெளியேறும்போது ஓட்டம் அதைப்போல இரண்டு மடங்காக இருப்பது சாதாரணம். அங்கே எவ்வளவு வலுவாக உதைத்தாலும் கடலை நோக்கித்தான் போவீர்கள். இந்தக் கட்டுரையில் தூண்டிலைவிடத் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த டியூப்

வட்டம், யு வடிவம், வி வடிவம் என மூன்று வகை உண்டு. வட்ட டியூபை உப்புத்தண்ணீருக்கு வாங்க வேண்டாம். அதற்குள் காலை விட்டு இடுப்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும், அவசரத்தில் வெளியே வருவது கடினம், உட்கார்ந்தால் இடுப்புவரை தண்ணீரில் இருக்கும். யு, வி இரண்டும் முன்பக்கம் திறந்தவை. வி வடிவத்தின் கூர்முனை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். ஃபின்னால் உதைக்கும்போது பின்னோக்கித்தான் நகர்வீர்கள் என்பதால் அந்த முனை தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும். சிற்றலை உள்ள இடத்தில் இந்த வித்தியாசம் காலில் தெரியும்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, காற்றறைகள். இடது, வலது என இரண்டு தனித்தனி அறைகளும், இருக்கைக்கும் முதுகுச்சாய்வுக்கும் வேறு அறைகளும் இருக்க வேண்டும். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை கரை சேர்க்கும். இரண்டாவது, தாங்கும் எடை. உங்கள் எடை, உடை, சாமான் எல்லாம் சேர்ந்து தயாரிப்பாளர் சொல்லும் எடையில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. 120 கிலோ என்று எழுதியிருந்தால் 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இருக்கையின் உயரம். நுரை இருக்கையோ காற்று இருக்கையோ, உங்கள் இடுப்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். இடுப்பு மூழ்கினால் உடம்பு குளிரும், உதைப்பதும் கனக்கும்.

நிறம் பளிச்சென்று இருக்கட்டும். பச்சையும் சாம்பலும் மீனிடமிருந்து மறைவதைவிடப் படகோட்டியிடமிருந்து நன்றாக மறையும். ஏற்கெனவே அடர்நிற டியூப் வைத்திருந்தால், முதுகுச்சாய்வின் பின்னால் ஒரு மீட்டர் உயரக் கம்பில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டுங்கள். டியூபில் உட்கார்ந்தவரின் தலை தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்கூட இருக்காது. அலை இருந்தால் வேகப்படகில் வருபவர் உங்களைப் பார்க்க வேறு வழியில்லை.

காலுக்கும் உடம்புக்கும்

உங்கள் எஞ்சின் ஃபின்தான். நீச்சலுக்கான நீண்ட ஃபின் உட்கார்ந்து உதைப்பவரின் கெண்டைக்காலைச் சீக்கிரம் பிடித்துவிடும். குட்டையான, அகலமான, ஓரளவு விறைப்பானதே வேண்டும். அளவு பார்க்கும்போது உள்ளே நியோப்ரீன் (ரப்பர் நுரைத் துணி) காலுறையோ காலணியோ போட்டுக்கொண்டு பாருங்கள். ஒவ்வொரு ஃபின்னையும் கணுக்காலோடு ஒரு கயிற்றால் கட்டுங்கள். ஒற்றை ஃபின் கழன்று போனால் டியூப் ஒரே இடத்தில் சுற்றும், கரை கண்ணெதிரே இருந்தாலும் நேராகப் போக முடியாது. இந்தக் கயிறு பெரும்பாலும் பெட்டியில் வராது, நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்போடு ஒட்டிய நீளக் கால்சட்டையும் தடித்த அடியுள்ள நியோப்ரீன் காலணியும் போதும். கால்சட்டையைத் தவிர்க்காதீர்கள், சொறிமீன் இழைகள் தொங்கும் காலில்தான் சுற்றும். குளிர்ந்த தண்ணீருக்கு மார்புவரை வரும் நீர்புகாக் கால்சட்டை வேண்டும், இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டும். அதற்குள் தண்ணீர் புகுந்தால் கீழே இழுத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீர் இழுக்காது. ஆனால் கால்கள் கனத்து உதைக்க முடியாமல் போகும், கரையேறும்போது எழுந்து நிற்க முடியாது. பெல்ட் கட்டுவது அதற்காகத்தான். தண்ணீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால், எதிர்பாராமல் விழுபவருக்கு மூச்சு ஒழுங்காக வராது. அந்தப் பருவத்தைப் புதியவர்கள் விட்டுவிடுவது நல்லது.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். டியூபே மிதக்கிறதே என்ற வாதம் வேண்டாம், டியூபிலிருந்து நீங்கள் பிரியும் நேரத்துக்காகத்தான் அது. முதுகுச்சாய்வில் இடிக்காதபடி, பின்பக்க நுரை தோளருகில் மட்டும் இருக்கும் வகை வசதியானது. ஜாக்கெட்டில் விசில், நுனி மழுங்கிய கத்தி, நீர்புகா உறையில் கைபேசி மூன்றும் மாட்டியிருக்க வேண்டும். டியூப் பையில் வைத்த கைபேசி டியூபோடு போய்விடும்.

நாளும் நேரமும்

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளைக்குக் கடல் மட்டம் உயரும் ஏற்றம் இரண்டு, இறங்கும் வற்றம் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுமார் 6 மணி 12 நிமிடம். இந்த ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. மொத்த ஏற்றத்தை 12 பங்காக வைத்தால் முதல் மணியில் 1, இரண்டில் 2, மூன்றிலும் நான்கிலும் 3, ஐந்தில் 2, ஆறில் 1 பங்கு. நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடுகிறது, ஓட்டம் மிக வேகமாக இருப்பதும் அப்போதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிது. அஷ்டமியை ஒட்டிய நாட்களில், அதாவது அரை நிலா தெரியும் நாட்களில், சிறிது. புதியவர்கள் முதல் சில முறை அஷ்டமியை ஒட்டியே இறங்குங்கள்.

நேரம் எது என்றால், ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம். ஓட்டம் தளர்ந்துகொண்டே வரும், தவறு நேர்ந்தாலும் தண்ணீர் உங்களை வளைகுடாவின் உட்பக்கம்தான் தள்ளும். நிறை ஏற்றம் ஆனதும் கரையேறிவிடுங்கள். வற்றத்தின்போது மீன் நன்றாகக் கடிக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த ஓட்டம் கடலை நோக்கிப் போகிறது, பாதி வற்றம்வரை ஒவ்வொரு நிமிடமும் வேகம் கூடுகிறது. இடம் பழகும்வரை அதில் இறங்க வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஏற்றவற்ற அட்டவணையில் உள்ள நிறை ஏற்ற நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. வாய் குறுகிய வளைகுடாவில் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட இடைவெளி இருக்கும். அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கண்ணாலும் பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்ப்பது எளிது. கரையோரம் 10 மீட்டர் தூரத்தை அடியளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சியையோ கடற்பாசித் துண்டையோ தண்ணீரில் போட்டு, அந்த 10 மீட்டரைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 20 வினாடி என்றால் மணிக்கு 1.8 கிலோமீட்டர், உங்கள் உதைக்குச் சமம், அதாவது எதிர்த்துப் போனால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். 40 வினாடிக்கு மேல் ஆனால் இறங்கலாம், குறைந்தால் காத்திருங்கள். கரையோரத்தைவிட நடுவில் ஓட்டம் வேகம் என்பதும் நினைவிருக்கட்டும். போயாவின் (நங்கூரமிட்ட மிதவைக் குறியின்) பின்னாலோ ஜெட்டித் தூணின் பின்னாலோ தண்ணீர் வி வடிவில் பிரிந்து ஓடினால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்தது காற்று. மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் முன்னறிவிப்பு இருந்தால் வேறு நாள் பாருங்கள். வேகத்தைவிடத் திசை முக்கியம். நிலத்திலிருந்து நீரை நோக்கி வீசும் காற்றுதான் அதிகம் ஏமாற்றும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும், ஏனென்றால் மேடும் மரமும் கட்டடமும் முதல் 50 மீட்டருக்குக் காற்றை மறைக்கின்றன. அதைத் தாண்டியதும் முதுகுச்சாய்வும் உங்கள் உடம்பும் பாய்மரமாகி வெளியே தள்ளப்படுவீர்கள். தூரத்தில் தண்ணீரின் நிறம் கறுத்துச் சுருக்கம் தெரிகிறதா என்று கவனித்துப் பாருங்கள். தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது. காற்று ஒரு பக்கமும் ஓட்டம் எதிர்ப்பக்கமும் இருந்தால் குட்டை குட்டையாகச் செங்குத்தான அலை எழும், மடியில் தண்ணீர் ஏறும். இடி, மின்னல், மூடுபனி இருந்தால் இறங்குவதே இல்லை.

இறங்கும் இடம்

வளைகுடாவின் வாயிலிருந்து தள்ளி, உட்பக்கத்தில், அலை உடையாத மணற்கரை வேண்டும். வற்றத்தின்போது ஒரு நாள் சும்மா போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏற்றத்தில் அழகாகத் தெரியும் கரை, வற்றத்தில் முழங்கால் புதையும் சேறாக இருக்கலாம், தாமதமாகத் திரும்பினால் அந்தச் சேற்றில்தான் ஃபின்னோடு நடக்க வேண்டியிருக்கும். பாறையும் தூணும் கொட்டலசும் சிப்பியும் எங்கே இருக்கின்றன, கடற்புல் எங்கே முடிகிறது, ஆழம் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அன்றைக்குத் தெரியும். அப்போது எடுத்த படங்கள் பின்னால் மீன் தேடும்போதும் உதவும்.

கரையிலிருந்து 100 மீட்டருக்குள் இருங்கள். போயா வைத்த படகுப் பாதைக்குள் நுழையாதீர்கள், குறுக்கே கடக்கவும் வேண்டாம். 80 மீட்டர் அகலப் பாதையைக் கடக்க உங்களுக்கு இரண்டரை நிமிடம் ஆகும், வேகப்படகு அதற்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும். துறைமுக எல்லை, பாதுகாக்கப்பட்ட பகுதி, மீன்பிடி அனுமதி, பிடிக்கக்கூடிய அளவு பற்றிய விதிகளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் டியூபும் படகுக் கணக்கில்தான் வரும். உப்புத்தண்ணீர் முதலை நடமாடும் கரையோரங்களில் இந்த மீன்பிடிப்பே கூடாது, அதில் விதிவிலக்கு இல்லை.

எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள், அதன்பின் எவ்வளவு நேரம் தகவல் இல்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்தால் இருவராகப் போங்கள்.

முதல் முறை தூண்டில் வேண்டாம்

முதல் ஒரு மணி நேரத்தை உதைப்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். கையில் ராட் (தூண்டில் கம்பு) இருந்தால் கவனம் அதில்தான் போகும். நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலிலிருந்து காலை முன்னோக்கி வீசுங்கள், அந்த வீச்சுதான் உங்களைப் பின்னே தள்ளுகிறது. திரும்பி வரும் பாதி உதையில் பாதத்தைத் தளர்த்திவிடுங்கள். வேகமாக உதைப்பவர்கள் பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் இழுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நீளமான மெதுவான உதைதான் தூரம் போகும். திரும்ப ஒரு காலை மட்டும் உதைத்தால் போதும். ஐந்தாறு உதைக்கு ஒரு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். பின்னோக்கிப் போகிறவருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

பிறகு மார்பளவுத் தண்ணீரில், துணைக்கு ஒருவர் நிற்க, டியூபிலிருந்து வேண்டுமென்றே நழுவிப் பாருங்கள். மீண்டும் ஏற முயலுங்கள். ஆழத்தில் மீண்டும் ஏறுவது பலருக்கும் முடியாது என்பது அப்போது தெரிந்துவிடும். அப்படியானால் செய்ய வேண்டியது, டியூபின் கையைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கரையை நோக்கி உதைப்பது. அதையும் ஒரு முறை செய்து பாருங்கள்.

படிப்படியாக இறங்குதல்

1. நிழலில் காற்றடியுங்கள். உள்ளே இருக்கும் பை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க முதலில் இரண்டு அறைகளையும் முக்கால் அளவு நிரப்பி, உறையை இழுத்து நேராக்கி, ஜிப்பை முழுக்க மூடிய பிறகு மீதியை நிரப்புங்கள். பொதுவாக 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவு, உங்கள் டியூபில் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு. பிறகு இருக்கை, முதுகுச்சாய்வு.

2. டியூபைத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். உள்ளிருக்கும் காற்று 35 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 2 பிஎஸ்ஐ அழுத்தம் சுமார் 1.2 ஆகிவிடும், டியூப் தளர்ந்துபோகும். புதியவர்கள் இதை ஓட்டை என்று நினைத்துப் பதறுவார்கள். இன்னும் கொஞ்சம் காற்று ஏற்றினால் போதும். கையோடு ஒரு சிறிய பம்ப் எடுத்துப் போங்கள். இதன் மறுபக்கம் ஆபத்தானது: கரையேறிய டியூபை வெயிலில் அப்படியே விட்டு உள்ளே காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகித் தையல் பிரியும். கரையேறியதும் முதல் வேலை கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுவதுதான்.

3. சாமான்களை ஏற்றுங்கள். எடை இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். ராட்டுக்கும் பிளையருக்கும் கயிறு கட்டுங்கள்.

4. கணுக்கால் அளவுத் தண்ணீரில் டியூபின் விளிம்பில் உட்கார்ந்து ஃபின் மாட்டுங்கள். மணலில் மாட்டிக்கொண்டு நடந்தால் மணல் உள்ளே புகுந்து காலைத் தேய்த்துப் புண்ணாக்கும்.

5. டியூபை இரு பக்கமும் பிடித்து எழுந்து, முதுகு தண்ணீர்ப் பக்கம் இருக்க, பாதத்தைத் தூக்காமல் தரையோடு இழுத்து இழுத்துப் பின்னே போங்கள். ஃபின்னோடு முன்னோக்கி நடந்தால் தடுக்கி விழுவீர்கள். பாதத்தை இழுத்து நடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை மிதிபடாமல் விலகிப் போகும்.

6. முழங்கால் ஆழத்தில் உட்காருங்கள், டியூபின் திறந்த முன்பக்கத்தில் வரும் குறுக்குக் கம்பியையும் மடிமேல் விரியும் மடிவலையையும் மாட்டுங்கள், உதைக்கத் தொடங்குங்கள். முதலில் ஓட்டத்தை எதிர்த்தே போங்கள், அப்போதுதான் களைத்த பிறகு தண்ணீரே கொண்டுவந்து சேர்க்கும்.

கரையேறும்போதும் இதே முறைதான். பின்பக்கமாகவே வந்து, ஃபின் தரை தட்டியதும் எழுந்து, கரை வரும்வரை பின்னே நடங்கள்.

தூண்டில்

ஒரு ராட் போதும். 2 முதல் 2.1 மீட்டர் நீளம், மீடியம் லைட், 2500 அளவு ஸ்பின்னிங் ரீல், 10 பவுண்டு பிரெய்டு நரம்பு (பின்னிய தூண்டில் இழை), முனையில் 12 முதல் 15 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (முனை நரம்பு) ஒரு மீட்டர். உட்கார்ந்த உயரம் குறைவு என்பதால் மிகக் குட்டையான ராட்டில் வீச்சு போகாது. மிக நீளமானதில் மீனை மடிக்குக் கொண்டுவர முடியாது. டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, கரையிலேயே சரிசெய்யுங்கள். ராட்டை விட்டுவிட்டு, ரீலிலிருந்து வரும் நரம்பில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டால் நரம்பு மெல்ல நழுவ வேண்டும்.

ஜிக் ஹெட்டில் (ஈயத்தலை கொண்ட கொக்கியில்) மாட்டிய 8 முதல் 10 சென்டிமீட்டர் ரப்பர் மீன் ஒன்றே முதல் சில முறைக்குப் போதும். இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்கு 7 கிராம், ஓட்டம் இருந்தாலோ ஆழம் கூடினாலோ 10 முதல் 14 கிராம். தரை தட்டுவது விரலில் தெரிகிற அளவில் மிக லேசான ஜிக்தான் சரியான எடை. மூன்று முள் கொண்ட கொக்கிகளைத் தவிர்த்துவிடுங்கள், அவை மீனில் மாட்டுவதற்கு முன் டியூபிலும் தொடையிலும் மாட்டும். ஒற்றை முள்ளின் தாடியையும் (நுனியருகே பின்னோக்கி நிற்கும் கூர்) பிளையரால் அமுக்கிவிடுங்கள்.

மீன் நிற்கும் இடம் என்றால் கடற்புல் முடிந்து மணல் தொடங்கும் விளிம்பு, ஜெட்டித் தூண்களின் நிழல், பாறைச் சரிவின் அடி, ஆழமற்ற மேடை ஆழத்துக்குள் இறங்கும் ஓரம். கலவா போன்ற மீன்கள் மறைவை ஒட்டி ஓட்டம் வரும் பக்கம் தலைவைத்து நிற்கும், தண்ணீர் கொண்டுவரும் இரைக்காகக் காத்திருக்கும். ஆகவே ஓட்டத்தின் மேல்பக்கம் வீசி, இரை இயல்பாக அவற்றை நோக்கி வரும்படி விடுங்கள். தரை தட்டட்டும், நரம்பு தளரும். ராட் நுனியை ஒரு முழம் தூக்குங்கள், நரம்பைத் தளரவிடாமல் இறங்க விடுங்கள். கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும், ஒரு சின்னத் தட்டாகவோ வெறும் கனமாகவோ இருக்கும். விளிம்பை ஒட்டியே மெதுவாக உதைத்துக்கொண்டு போனால் இரை உங்கள் முன்னால் இழுபட்டு வரும், வீசாமலே பெரிய பரப்பைத் தேடிவிடலாம். தட்டைமீன்கள் இதற்கு நன்றாக எடுக்கும்.

ஜிக் அடியில் சிக்கிக்கொண்டால் ராட்டை வளைத்து வெட்டி இழுக்காதீர்கள். விடுபட்ட ஈயம் நேராக முகத்துக்கு வரும். சிக்கலின் எதிர்ப்பக்கம் போய், ராட்டைச் சிக்கல் இருக்கும் பக்கம் நேராக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உதைத்து இழுங்கள். ஓட்டத்தில் இருக்கும்போது வரவில்லையென்றால் நரம்பை அறுத்துவிடுங்கள், ஒரு ஜிக்குக்காக அங்கே நிற்க வேண்டாம். நங்கூரமும் இதே காரணத்தால்தான் புதியவர்களுக்கு வேண்டாம். ஓட்டத்தில் கட்டிப்போட்ட டியூபின் மீது தண்ணீர் ஏறி அதை அமுக்கும்.

மீன் மாட்டிய பிறகு

டியூப் தானாகவே மீன் பக்கம் திரும்பும். சற்றுப் பெரிய மீன் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். ரசியுங்கள், ஆனால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒரு கண் வையுங்கள். படகுப் பாதைக்கோ தூண்களுக்குள்ளோ போனால் எதிர்ப்பக்கம் உதைத்து மீனை வெளியே கொண்டுவாருங்கள். அருகில் வந்ததும் மீன் களைக்கும்வரை பொறுங்கள். துள்ளும் மீனை மடியில் வைத்தால் முள் டியூபுக்குள் இறங்கும். குட்டைக் கைப்பிடியுள்ள ரப்பர் வலையால் அள்ளி, தண்ணீரை விட்டு முழுக்கத் தூக்காமல் பிளையரால் முள்ளைக் கழற்றுங்கள்.

மடிக்கு வரவே கூடாதவை உண்டு: திருக்கை, முதுகு முள் விறைத்து நிற்கும் கெளிறு, கூரிய பல் உள்ள சீலா. வந்திருப்பது என்ன என்று தெரியும்வரை வலையை நீட்டாதீர்கள். இவற்றில் ஒன்றென்றால் ராட் நுனியைத் தள்ளிப் பிடித்து தூண்டில் முள்ளுக்கு அருகில் நரம்பை வெட்டிவிடுங்கள். திருக்கையோ கெளிறோ குத்திவிட்டால் கரையேறி, காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள், வலியில் இருக்கும் காலுக்குச் சூடு உறைக்காது. அதோடு விடாமல் மருத்துவரிடம் போங்கள். மார்பிலோ வயிற்றிலோ முள் பாய்ந்திருந்தால் பிடுங்காமல் உடனே மருத்துவமனைக்கு.

பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும் வழக்கம் டியூபுக்கு ஒத்துவராது. ரத்தமும் துடிப்பும் பெரிய விலங்குகளை உங்கள் தொங்கும் கால்களுக்குப் பக்கத்திலேயே அழைத்துவரும். முதுகுச்சாய்வுக்குப் பின்னால் சிறிய குளிர்ப்பை வையுங்கள், அல்லது மீனை விட்டுவிடுங்கள்.

தண்ணீரில் கோளாறு வந்தால்

ஒரு அறை காற்றிழந்தால் அந்தப் பக்கம் சாய்வீர்கள். எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்து, ராட்டைச் செருகிவிட்டு, வண்டி நிற்கும் கரையைத் தேடாமல் எது பக்கமோ அந்தக் கரைக்குப் போங்கள். நடந்து திரும்பிக்கொள்ளலாம்.

ஓட்டம் இழுத்துக்கொண்டு போனால் நேர் எதிராக உதைத்துக் களைக்காதீர்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே, கரையை நோக்கி உதையுங்கள். இறங்கிய இடத்திலிருந்து தள்ளி ஒதுங்குவீர்கள், அவ்வளவுதான். வாய்ப்பகுதியை நெருங்குவது தெரிந்தால், அந்த நிமிடமே விசிலும் கைபேசியும். கடலுக்குள் போன பிறகு கூப்பிடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அப்போது உங்களைத் தேட வேண்டிய பரப்பு பல மடங்காகிவிடும்.

கெண்டைக்கால் இழுத்தால் அந்தக் காலின் ஃபின் நுனியைக் கையால் பிடித்து முழங்காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுங்கள். அரை நிமிடத்தில் விடும். போதிய தண்ணீர் குடிக்காமல் வெயிலில் இறங்குபவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும். ஒரு லிட்டராவது கையோடு இருக்கட்டும்.

கழுவுதல்

உப்பு காய்வதற்கு முன் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். டியூபின் உறையை மேலே மட்டும் கழுவினால் பயனில்லை. ஜிப்பைத் திறந்து உள்ளே புகுந்த மணலை வெளியேற்ற வேண்டும். உறைக்கும் காற்றுப் பைக்கும் நடுவே சிக்கிய மணல் ஒவ்வொரு முறையும் தேய்த்து ஊசித்துளை போடும். ஜிப்பின் பல்லில் உப்பு உறைந்தால் அடுத்த முறை திறக்காது, கழுவிக் காய்ந்த பிறகு மெழுகுத் துண்டால் தேய்த்து வையுங்கள். வால்வின் விளிம்பில் ஒரு மணல் இருந்தாலும் காற்று கசியும். ரீலின் டிராக்கை இறுக்கிவிட்டு மெல்லிய தூவலில் கழுவுங்கள், வேகமாக அடிக்கும் தண்ணீர் உப்பை உள்ளேதான் தள்ளும். துடைத்த பிறகு டிராக்கைத் தளர்த்திவிடுங்கள்.

எல்லாம் நிழலில் காயட்டும். காய்ந்த டியூபைப் பாதிக் காற்றோடு தொங்கவிடலாம், இடமில்லையென்றால் இறுக்கி மடிக்காமல் சுருட்டுங்கள், ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடித்தால் அந்த இடம் வெடிக்கும். அடுத்த முறை இறங்குவதற்கு முந்தின இரவே காற்றடைத்து வையுங்கள். காலையில் ஒரு அறை மட்டும் தளர்ந்திருந்தால் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி எழும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, பையின் பொருளுக்கு ஏற்ற பசையால் ஒட்டி, முழுதாக ஒரு நாள் காய விடுங்கள். பிவிசிக்கு உரிய பசை யூரித்தேனில் பிடிக்காது, டியூபின் கையேட்டில் எது என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.